கட்டைவிரலும் கார்னெட்டும்

கட்டைவிரலைக் கேட்டார் குரு. வெட்டிக் கொடுத்தான் சீடன்.

கற்பித்ததற்குக் கூலியா அது? இல்லை. கற்பிக்கவே மறுத்தவர் அவர். வேடன் மகனுக்கு வில்வித்தை எதற்கு என்று விரட்டியவர். விரட்டப்பட்ட ஏகலைவன் காட்டுக்குச் சென்றான். களிமண்ணால் ஓர் உருவம் செய்து வைத்துக்கொண்டு, தானே முயன்று, தானே தவறி, தானே திருந்தி, வில்லாளியானான். ஆன பிறகு வந்தார் துரோணர், தட்சிணை கேட்டு! அரசகுமாரன் அருச்சுனனுக்கு நிகராக இன்னொருவன் இருக்கலாமோ? ஆகவே, நாணை இழுக்கும் வலக்கையின் கட்டைவிரலையே கேட்டார்.

காலட்சேப மேடைகளில் இக்கதை சொல்லப்படும்போது கேட்போர் கண்கள் கலங்கும். "குருபக்தியைப் பார்த்தீர்களா!" என்பார் பாகவதர், கன்னத்தில் போட்டுக்கொள்வர் கூடியிருப்போர். சீடனின் பக்தி இருக்கட்டும், குருவின் யோக்கியதை என்ன என்று கேட்பாரில்லை. இது புராணம், நடந்ததென்று நாம் நம்புவதில்லை. ஆனால் கட்டைவிரலைப் பறிகொடுத்தவனைப் பாராட்டி, பறித்தவரை ஆச்சாரியர் என்று வணங்கி, பல நூற்றாண்டுகளாக அதையே பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லி வந்தார்களே, அந்த மனப்பான்மை புராணமன்று, உண்மை. அதனுடன்தான் நமக்கு வழக்கு.

ஆசிரியர் என்பவர் யார்? மாணவன் அவரிடம் படுகின்ற கடன் எத்தகையது? அதனை எவ்வாறு தீர்ப்பது? இக்கேள்விகளுக்கு விடைகாண நாம் காட்டுக்கும் போக வேண்டாம், கைலாயத்துக்கும் போக வேண்டாம். ஊரும் பேரும் ஆண்டும் உள்ள ஒரு வரலாறு இருக்கிறது. கடல்கடந்த நாட்டின் வரலாறு. எனினும் ஒடுக்கப்பட்டோர் எவரும் தம் வரலாறு என்று கொள்ளத்தக்கது.

அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலை அணுகும் இடத்தில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ் நகரம். 1865-இல் அந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் விலங்கை உடைத்தது. ஆனால் விலங்கு பூட்டிய கைகளின் திமிர் உடனே அடங்கிவிடவில்லை. அதே நியூ ஆர்லியன்சில் 1892-இல், வெள்ளையருக்கென ஒதுக்கிய ரயில் பெட்டியில் ஏறி அமர்ந்தார் ஹோமர் பிளெசி என்பவர். கைது செய்யப்பட்டார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1896-இல் தீர்ப்பு வந்தது: தனித்தனியே வைக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்று! அக்கிரகாரமும் சேரியும் தனித்தனியே இருந்தால் என்ன, இரண்டிலும் காற்று வீசுகிறதே என்பது போன்ற நீதி அது.

அந்தத் தீர்ப்புக்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1901 ஆகஸ்ட் 4-ஆம் நாள், அந்நகரின் வறுமை மண்டிய பகுதியில் ஒரு கறுப்பினக் குழந்தை பிறந்தது. சண்டைச் சச்சரவு மிகுந்ததால் 'போர்க்களம்' என்றே அப்பகுதியை அழைப்பர். தந்தை குடும்பத்தை விட்டு விலகினார். முதலில் பாட்டியிடமும் பின்னர் தாயிடமும் வளர்ந்தான் சிறுவன். பெர்டிடோ தெருவுக்கு அருகில் குடியிருப்பு. பெர்டிடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தொலைந்துபோனது என்று பொருள். தெருவின் பெயரே தீர்ப்புப் போல! பெயர் லூயி, லூயி ஆர்ம்ஸ்ட்ராங்.

சிறுவயதிலேயே உழைக்கப் போனான். லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய கார்னோஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பம் பழந்துணியும் நிலக்கரியும் வண்டியிலேற்றி வாணிகம் செய்தது. அந்த வண்டியில் அமர்ந்து, மக்களை அழைக்கத் தகர ஊதுகுழலை ஊதுவது அவன் வேலை. அடகுக்கடையில் பழைய கார்னெட் ஒன்று இருந்தது. கார்னெட் என்பது டிரம்பெட்டுக்கு உடன்பிறப்பான குறும்பித்தளைக் குழல். மூன்று விசைகள் உடையது. விலை ஐந்து டாலர். அதை வாங்க அக்குடும்பத்தார் முன்பணம் கொடுத்து உதவினர் என்று தம் இறுதிக் காலத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கே எழுதி வைத்திருக்கிறார். தாமும் வெறுப்புக்கு ஆளான மக்கள், வேறொரு வெறுப்புக்கு ஆளான சிறுவனுக்குச் செய்த உதவி அது.

1912-ஆம் ஆண்டின் கடைசி இரவு. புத்தாண்டு பிறக்கும் ஆரவாரம். வீட்டிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சென்று வானத்தை நோக்கிச் சுட்டான் சிறுவன். காவலர் பிடித்தனர். மறுநாளே தீர்ப்பு. கறுப்பினச் சிறார் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான்; எப்போது விடுதலை என்பதற்குக் காலவரையறையும் இல்லை. அப்போது அவனுக்கு வயது பதினொன்று. அதே இரவில் அந்நகரில் வெடித்த வேட்டுகள் எத்தனையோ. இல்லத்துக்குப் போனவன் இவன்!

அந்த இல்லத்தை நடத்தியவர் ஜோசப் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர். படைவீடு போன்ற கட்டுப்பாடு, மரத்துப்பாக்கி ஏந்திய அணிவகுப்பு, சன்னல்களில் கம்பி. அங்கே ஒரு பித்தளை வாத்தியக்குழு இருந்தது. அதனைப் பயிற்றுவித்த ஆசிரியரின் பெயர் பீட்டர் டேவிஸ். நாம் சொல்ல வந்தது இவரைப் பற்றித்தான்.

தோழர்களே, இந்த இடத்தில் வழக்கமாகக் கதை சொல்பவர்கள் ஒரு பொய்யைச் சேர்ப்பார்கள். ஆசிரியர் பார்த்தார், சிறுவன் முகத்திலே ஒளி வீசியது, இவன் மேதை என்று அக்கணமே அறிந்தார் என்பார்கள். நடந்தது அதுவன்று. பீட்டர் டேவிசுக்கு அந்தச் சிறுவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. லிபர்ட்டித் தெருவும் பெர்டிடோத் தெருவும் கூடும் இடத்திலிருந்து வந்தவனா? குடியும் சூதும் கத்திக்குத்தும் நடக்கும் இடமாயிற்றே! அங்கிருந்து வருபவன் கெட்டவனாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டினார். வெறுப்புடன் பார்த்தார், அடிக்கவும் செய்தார். 1954-இல் வெளியிட்ட தம் இளமை வரலாற்று நூலில் இதனை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் ஆர்ம்ஸ்ட்ராங்.

எண்ணிப் பாருங்கள். டேவிசும் கறுப்பினத்தவரே. வெள்ளையர் தம்மைத் தோலைப் பார்த்து எடைபோட்டபோது அவர் மனம் எத்தனை முறை புண்பட்டிருக்கும்! அவரே ஒரு சிறுவனைத் தெருவைப் பார்த்து எடைபோட்டார். இந்த நோய் நமக்குப் புதிதா? மேலே உள்ளவன் மிதிக்கிறான் என்று குமுறுபவன், தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறானா என்று காலால் துழாவிப் பார்க்கிறானே, அதுதானே படிக்கட்டுச் சாதியின் சூத்திரம்! "அந்தத் தெருப் பையனா?" என்று கேட்காத ஊர் நம் நாட்டில் உண்டா? பகுத்தறிவு பேசும் நம்முள்ளும் அந்தக் கேள்வியை ஒருமுறையேனும் மனத்துக்குள் கேட்காதவர் எத்தனை பேர்?

ஆனால் டேவிஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. அவருடைய பெருமை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் சிறுவனைக் கவனித்தார். தெருவைப் பார்த்த கண், மெல்ல மெல்லத் தெருவை விட்டுச் சிறுவனைப் பார்க்கத் தொடங்கிற்று. வாத்தியக்குழுவின் பயிற்சியை அவன் ஏக்கத்துடன் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். ஒருநாள் குழுவில் சேர விருப்பமா என்று கேட்டார். முதலில் கொடுத்தது நம் கஞ்சிரையைப் போன்ற டாம்பரின். அவன் கையில் தாளம் பிசகாமல் நின்றது. பிறகு முரசு. பிறகு ஆல்ட்டோ ஹார்ன் என்னும் துணைக்குழல். பிறகு இல்லத்துச் சிறுவர்களைத் துயிலெழுப்பவும் உணவுக்கு அழைக்கவும் ஊதும் பியூகிள். களிம்பேறிப் பச்சை பூத்துக் கிடந்த அந்தக் குழலை வாங்கியவுடன் அவன் செய்த முதல் வேலை, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. கடைசியாகக் கார்னெட்டைக் கையில் கொடுத்தார். ஒலி தூய்மையாக எழ வேண்டும் என்று கற்பித்தார். பலவகை இசையையும் வாசிக்கச் செய்தார். பிறகு அந்தச் சிறுவனையே குழுவின் தலைவனாக்கினார்.

எந்தச் சிறுவனை? கெட்டவனாகத்தான் இருப்பான் என்று தாமே முடிவு கட்டிய அந்தச் சிறுவனை!

ஒருநாள் அந்த வாத்தியக்குழு அணிவகுத்து நகருக்குள் சென்றது. வழி, ஆர்ம்ஸ்ட்ராங் பிறந்து வளர்ந்த அதே வட்டாரம். சீருடையணிந்து, தலைநிமிர்ந்து, கார்னெட்டை உயர்த்தி, குழுவுக்கு முன்னே நடந்து வந்தான் சிறுவன். ஊர் திரண்டது. சூதாடிகளும் உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த பெண்களும் கூலிக்காரர்களும் ஓடிவந்தனர். மேயனின் மகனா இவன் என்று வியந்தனர். தாயை அழைத்துவந்து காட்டினர். காசுகளை வாரி வழங்கினர், தொப்பிகள் நிறைந்தன. குழுவினர்க்கெல்லாம் புதிய உடைகளும் வாத்தியங்களும் வாங்குமளவுக்குப் பணம் சேர்ந்தது. கெட்டவர்களின் தெரு என்று டேவிஸ் அஞ்சிய அதே தெரு, அவருடைய மாணவர்களுக்குச் சட்டையும் குழலும் வாங்கிக் கொடுத்தது! அன்று டேவிசும் ஒரு பாடம் கற்றிருப்பார் என்றே நாம் கருதுகிறோம்.

இங்கே நாம் நிறுத்தி ஆராய வேண்டும். டேவிஸ் செய்த அருஞ்செயல் எது? இசை கற்பித்தது மட்டுமா? இசை கற்பிக்க வல்லவர் அந்த ஊரில் ஏராளம். தாம் கொண்ட தீர்ப்பைத் தாமே திருத்தினார், அதுதான் அருஞ்செயல். கண்ணால் கண்டதை மனத்தில் கொண்டதனுடன் ஒப்பிட்டார், இரண்டும் பொருந்தவில்லை, மனத்தில் கொண்டதை எறிந்தார். பகுத்தறிவு என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அதன் பொருள் இதுதான். கடவுள் இல்லை என்று சொல்வது எளிது. நான் உன்னைப் பற்றி நினைத்தது தவறு என்று ஒரு சிறுவனிடம் செயலால் ஒப்புக்கொள்வது அரிது. துரோணருக்கும் கண்கள் இருந்தன. ஏகலைவனின் திறமையை அவரும் கண்டார். கண்ட திறமைக்கேற்பத் தம் எண்ணத்தை மாற்றவில்லை. தம் எண்ணத்துக்கேற்பச் சிறுவனின் கையை மாற்றினார். ஒருவர் விரலைக் குறைத்தார். மற்றவர் விரல்களுக்கு வேலை கொடுத்தார்.

உடனே வைதீகர் ஒருவர் எழுந்து உரைப்பார்: "பார்த்தீரா? துப்பாக்கி சுட்டதும் விதி, சிறைப்பட்டதும் விதி, குழல் கிடைத்ததும் விதி. எல்லாம் அவன் தலையில் எழுதியபடி!" நல்லது. அப்படியானால் அதே இல்லத்தில் அடைபட்டு, குழல் கிடைக்காமல், பெயர் தெரியாமல் மறைந்துபோன சிறுவர்களின் தலையில் எழுதியவன் யார்? எழுதியவனுக்கு ஏன் இந்த வஞ்சனை? வேறு சிலர் வேறுவிதமாக வாதிடுவர்: அடியும் சிறையும் இல்லாவிட்டால் அவர் உருப்பட்டிருப்பாரா என்பர். அடிதான் இசையை ஊட்டியது என்றால், அடிவாங்கிய கறுப்பினச் சிறுவர் அனைவரும் மேதைகளாகியிருக்க வேண்டுமே! சிறை இசை கற்பிக்கவில்லை. சிறைக்குள்ளும் ஒரு மனிதர் கற்பித்தார். பதினோரு வயதுச் சிறுவன் குழலைத் தொடுவதற்குக் கைதியாக வேண்டியிருந்தது என்றால், அது சிறையின் பெருமையாகாது. வெளியே இருந்த நாட்டின் சிறுமை.

"பிறவி மேதை" என்று போற்றுவோரும் இதையே மறைக்கின்றனர். பிறவியிலேயே எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், பள்ளி வேண்டாம், வாய்ப்பு வேண்டாம், பொறுப்பும் வேண்டாம். முற்பிறப்பின் பயன் என்று சொல்லி, இப்பிறப்பின் குற்றத்திலிருந்து தப்பிவிடலாம். ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் திறமை இருந்தது; மறுப்பாரில்லை. அந்தத் திறமைக்குப் பின்னே வரிசையாகக் கைகள் இருந்தன. கார்னோஃப்ஸ்கி குடும்பத்தாரின் கை, டேவிசின் கை, பிறகு ஜோ ஆலிவரின் கை.

டேவிசை எல்லாம் அறிந்த குருவாக்கிக் கோவில் கட்டவும் நாம் சொல்லவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் இளமையில் பழகிய உதடு வைக்கும் முறை சரியானதன்று என்று இசையறிந்தோர் பின்னாளில் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனால் உதடு புண்பட்டு அவர் பலமுறை துன்புற்றார். 1930-களின் நடுவில் சில காலம் வாசிப்பையே நிறுத்த நேர்ந்தது. ஆசிரியருக்கும் அறியாதவை உண்டு. அவர் விட்ட இடத்திலிருந்து மாணவன் வேறிடம் சென்று கற்கலாம், கற்க வேண்டும். குருவை மிஞ்சுவது பாவம் என்று சொல்வது குருவின் பெருமையைக் காப்பதற்கன்று; அவருடைய வருவாயைக் காப்பதற்கே.

1914-இல் இல்லத்தை விட்டு வெளியேறிய ஆர்ம்ஸ்ட்ராங், நிலக்கரி வண்டி ஓட்டினார்; இரவில் இசைக்கூடங்களில் வாசித்தார். அப்போது அந்நகரின் முதன்மையான கார்னெட் கலைஞர் ஜோ ஆலிவர். 'அரசர்' ஆலிவர் என்பது மக்கள் இட்ட பட்டம். அவர் இவருக்குத் தம் பழைய கார்னெட்டைக் கொடுத்தார், ஐயம் தீர்த்தார், ஆலிவரின் துணைவியார் உணவளித்தார். 1918-ஆம் ஆண்டளவில் ஆலிவர் சிகாகோவுக்குச் சென்றபோது, அவர் இருந்த குழுவில் அந்த இடம் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் கிடைத்தது. 1922-இல் ஆலிவரே தம் குழுவில் இரண்டாவது கார்னெட் வாசிக்க அவரைச் சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு அக்குழுவின் இசை முதன்முதலாக இசைத்தட்டில் பதிவாயிற்று.

ஆனால் மாணவரின் ஒலி ஆசிரியரின் ஒலியை விஞ்சத் தொடங்கிற்று. தம்முடன் இருக்கும் வரை லூயி தம்மை முந்தமுடியாது என்று ஆலிவர் சொன்னதாக, அக்குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நல்ல ஆசிரியர் மனத்திலும் துரோணரின் நிழல் ஒரு கணம் விழத்தான் செய்கிறது! 1924-இல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கைத் துணைவியான லில், விலகித் தனியே முன்னேறுமாறு வற்புறுத்தினார். அவ்வாண்டிலேயே ஆர்ம்ஸ்ட்ராங் ஆலிவரைப் பிரிந்து நியூயார்க் சென்றார்.

குருத்துரோகமா இது? சனாதனிகளின் அகராதி ஆம் என்னும். நிகழ்ச்சிகள் என்ன சொல்கின்றன? 1928 ஜூன் 28-ஆம் நாள் ஆர்ம்ஸ்ட்ராங் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்ற இசையைப் பதிவு செய்தார். துணைக்கருவி ஏதுமின்றித் தனித்தெழும் டிரம்பெட் ஒலியுடன் அது தொடங்கும். ஜாஸ் இசையின் போக்கையே மாற்றிய பதிவுகளுள் ஒன்றென உலகம் இன்றும் அதைக் கொண்டாடுகிறது. அந்த இசையை இயற்றியவர் யார் தெரியுமா? ஜோ ஆலிவர்! பிரிந்து சென்ற மாணவர், ஆசிரியரின் ஆக்கத்தை எடுத்து, ஆசிரியரே எட்டாத உயரத்துக்குக் கொண்டு சென்றார். இதைவிட வேறென்ன தட்சிணை வேண்டும்?

ஆலிவரின் இறுதிக்காலம் இரங்கத்தக்கது. ஈறு நோயால் பற்கள் போயின; குழல் ஊதுவோனுக்குப் பல் போவது, நெசவாளிக்குக் கை போவதற்கு ஒப்பாகும். பொருளாதார நெருக்கடியில் குழு சிதைந்தது. 1937-இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் ஆர்ம்ஸ்ட்ராங் அவரைக் கண்டபோது, இசையுலகின் அரசர் தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார் மாணவர், குழுவினரும் கொடுத்தனர். அன்றிரவு நல்லுடை உடுத்தி, நிமிர்ந்து நின்று, மாணவரின் இசையைக் கேட்டார் ஆலிவர். அடுத்த ஆண்டே மறைந்தார். ஒரு தலைமுறைக்கு இசை வழங்கியவரைக் காய்கறிக் கூடையுடன் தெருவில் நிறுத்திய சமுதாயத்தை எவரும் துரோகி என்று சொல்லவில்லை. பிரிந்து சென்று புகழ்பெற்ற மாணவரைத்தான் சொல்வார்கள்!

டேவிசை மறந்தாரா ஆர்ம்ஸ்ட்ராங்? ஒன்பதாண்டுகள் கழித்து, 1931-இல், அவர் நியூ ஆர்லியன்சுக்குத் திரும்பினார். ரயில் நிலையத்தில் மக்கள் வெள்ளம். அதே நகரத்தின் இசைக்கூடம் ஒன்றில், வானொலியில் அவரை அறிவிக்க வேண்டிய வெள்ளை அறிவிப்பாளர், ஒரு கறுப்பனை அறிவிக்க எனக்கு மனம் வரவில்லை என்று ஒலிபெருக்கி முன்பே சொல்லி மறுத்துவிட்டார். ஆர்ம்ஸ்ட்ராங் தளரவில்லை. தாமே முன்வந்து, தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டு வாசித்தார், அரங்கம் அதிர்ந்தது. அந்தப் பயணத்தின்போது அவர் தேடிச் சென்ற இடங்களுள் ஒன்று பழைய சீர்திருத்த இல்லம். அங்கே ஜோன்சையும் டேவிசையும் கண்டு, உடன் நின்று படம் எடுத்துக்கொண்டார். காலில் விழவில்லை, பக்கத்தில் நின்றார். நன்றி என்பது நிமிர்ந்து நின்று சொல்லும்போதுதான் அழகு.

ஒலிபெருக்கி முன் நிகழ்ந்த அந்த இழிவைப் படிக்கும்போது நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வராமலா போகும்? நாதசுரக் கலைஞர்கள் ஊர்வலத்தில் வாசிக்கும்போது தோளில் துண்டு போடக்கூடாது என்றிருந்த காலம் அது. செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில் கலைஞர் சிவக்கொழுந்து துண்டணிந்து வாசித்தார். எடு என்றனர் சாதித் திமிர் கொண்டோர். எடுக்காதீர் என்று உடன் நின்றார் அஞ்சாநெஞ்சன் அழகிரி. துண்டு தோளிலேயே இருந்தது, நாதசுரமும் ஒலித்தது. குழலின் ஒலி வேண்டும், குழலூதுபவனின் மானம் வேண்டாம் என்பது இரு நாட்டு ஆதிக்கத்துக்கும் பொதுவான இலக்கணம்.

ஆர்ம்ஸ்ட்ராங் மேடையில் எப்போதும் சிரித்த முகத்துடன் நிற்பார். வெள்ளையருக்குப் பல்லிளிப்பவர் என்று கறுப்பின இளைஞர் சிலரே அவரை ஏசியதுண்டு. 1956-இல் லூசியானா மாநிலம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் கலை நிகழ்த்துவதைச் சட்டத்தால் தடுத்தது. அவருடைய குழுவோ இருநிறத்தாரும் கலந்தது. பிறந்த ஊரில் வாசிப்பதையே நிறுத்தினார். குடியுரிமைச் சட்டம் வந்த பின்னர், 1965-இல்தான் திரும்பினார். 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்குள் நுழைவதை ஆளுநரே படை நிறுத்தித் தடுத்தபோது, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்குத் துணிவில்லை என்று வெளிப்படையாகச் சாடினார். அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் உதறினார். பின்னர் அம்மாணவரைக் காக்கக் கூட்டாட்சிப் படை அனுப்பப்பட்டபோது பாராட்டித் தந்தியும் அனுப்பினார். இந்தத் துணிவை டேவிஸ்தான் கற்பித்தார் என்று நாம் அளந்து சொல்லமாட்டோம். ஆனால் இழிந்தவனாகக் கருதப்பட்ட ஒரு சிறுவனை ஊரின் நடுவே, குழுவின் முன்னே, தலைநிமிர்ந்து நடக்கவைத்தவர் அவர். ஒருமுறை நிமிர்ந்து நடந்த முதுகு, வளையச் சொல்லும்போது வலியை உணர்கிறது.

டேவிசின் மாணவர் ஆர்ம்ஸ்ட்ராங் மட்டுமல்லர். பல ஆண்டுகள் கழித்து அவரிடம் டிரம்பெட் கற்ற இன்னொரு சிறுவன் டேவ் பார்த்தலோமியூ. 1918-இல் பிறந்த இவர், வளர்ந்தபின் நியூ ஆர்லியன்சில் குழு அமைத்தார். ஃபேட்ஸ் டாமினோ என்னும் பாடகருடன் இணைந்து இசையமைத்து, 1949 முதல் அவருடைய இசைத்தட்டுகளை உருவாக்கினார். ராக் அண்ட் ரோல் என்று பின்னர் உலகெங்கும் பரவிய இசைக்குக் கால்கோள் இட்டவர்களுள் இவரும் ஒருவர். 2019-இல், நூறு வயதில் மறைந்தார். ஒரு சீர்திருத்த இல்லத்து வாத்தியார்; பெரும் புகழோ பெருஞ்செல்வமோ இல்லாதவர். அவரிடம் கற்றவர்களுள் ஒருவர் ஜாஸ் இசையை மாற்றினார். மற்றொருவர் அதன் பின் வந்த இசைக்கு அடிகோலினார். ஆசிரியரின் ஆயுள் அவர் மூச்சோடு முடிவதில்லை. மாணவரின் மூச்சிலும் தொடர்கிறது. குழலூதுவோர் விஷயத்தில் இது உவமையன்று, நேர்ப்பொருள்!

இனி நம் கேள்விக்கு வருவோம். மாணவன் பட்ட கடன் எத்தகையது? பொருளால் தீராது; விரலால் தீரவே தீராது. ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துத் தீர்க்கும் கடனன்று அது. அடுத்து வருபவனிடம் கொடுத்துத் தீர்க்கும் கடன். பெற்றவன் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, பெறுபவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று கேளாமல் கொடுக்க வேண்டும். கேட்டுவிட்டால், கேட்டது தவறென்று உணரும் நேர்மையேனும் வேண்டும். டேவிஸ் உணர்ந்தார். துரோணர் உணரவில்லை. ஆசிரியரை அளக்கும் கோல் இதுவே.

இளைஞர்களே! உங்கள் ஊரின் கடைசித் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தகர டப்பாவில் தாளம் போடும் சிறுவன் இருக்கிறான். கரித்துண்டால் சுவரில் படம் வரையும் சிறுமி இருக்கிறாள். அவர்களைப் பற்றி ஊர் ஏற்கெனவே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது. உங்கள் மனத்திலும் அதன் நகல் ஒன்று இருக்கலாம். அந்த நகலைக் கிழித்தெறியுங்கள். அறிந்த எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். அறிந்த கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். பறையோ குழலோ, கைக்குக் கிடைத்ததை அவர்கள் கையில் கொடுங்கள். படிப்பகத்தின் கதவை மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வையுங்கள். அவர்கள் எல்லாரும் ஆர்ம்ஸ்ட்ராங் ஆகமாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. தெருவைச் சொல்லி ஒதுக்கப்படாமல் வளர்ந்தார்கள் என்பதே போதும்.

ஏகலைவன் வெட்டிக் கொடுத்த விரலுக்குப் பாரதத்தில் கணக்கிருக்கிறது. எழுத்தாணி பிடிக்காமல், குழல் பிடிக்காமல், எவராலும் கேட்கப்படாமலேயே முடங்கிப்போன விரல்களுக்குக் கணக்கேது? அந்தக் கணக்கு நம் தலைமுறையோடு முடியட்டும்.